திறந்த கோப்பு, மூடிய கூட்டம்: உள்ளாட்சி அதிகாரிகளுக்கு வெளிப்படைச் சட்டத்தைக் கற்பிப்பது பற்றி

உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு சாலைப் பணியின் அளவீட்டுப் புத்தகத்தைக் கேட்டால் கிடைப்பதில்லை. கொடுக்க வேண்டிய அதிகாரிக்குச் சட்டம் தெரியாததால் இப்படி நடக்கிறதா, தெரிந்தே மறுக்கிறாரா? தகவல் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது முதல் இந்தியாவில் விடாமல் எழும் கேள்வி இது. தெரியாது என்று கொண்டால் தீர்வு பயிற்சி. தெரிந்தே மறுக்கிறார் என்றால் தீர்வு தண்டனை. இரண்டுக்கும் நடுவே, கொடுக்க நினைத்தாலும் கோப்பைத் தேடி எடுக்க முடிவதில்லை என்று சொல்வோர் இருக்கிறார்கள். கோப்பு கிடைத்தாலும் போதாது, முடிவெடுக்கும் கூட்டமே மக்கள் முன்னால் நடக்க வேண்டும் என்போரும் இருக்கிறார்கள்.

இந்த விடைகள் எல்லாவற்றையும் ஒரே நகரத்தில் வைத்துச் சோதிக்கப் பெங்களூர் தகுந்த இடம். மத்தியச் சட்டத்துக்கு முன்பே சொந்தமாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலத்தின் தலைநகர் அது. மாநகராட்சிக் கணக்கைக் காலாண்டுதோறும் மக்கள் முன் வைக்கச் செய்த இயக்கம் அங்கேதான் நடந்தது. அதே நகரம் ஐந்தாண்டுகளுக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகர மன்றமே இல்லாமல் நிர்வகிக்கப்பட்டதும் உண்டு.

பழைய வேர்கள்

ஆட்சி தன் கணக்கை மக்கள் முன் வாசிப்பது மைசூர்ச் சீமைக்குப் புதிதல்ல. செங்கல்பட்டுப் பகுதியில் பிறந்து மைசூர் திவானாக உயர்ந்த ரங்காச்சார்லு, 1881இல் பிரதிநிதி சபையைத் தொடங்கினார். தசராவை ஒட்டிக் கூடிய அந்தச் சபையில் வரவு செலவும் நிர்வாக அறிக்கையும் வாசிக்கப்பட்டன. சபையினர் நிலவுடைமையாளர்களும் வணிகர்களுமாகவே இருந்தனர், முடிவெடுக்கும் அதிகாரமும் அவர்களுக்கு இல்லை. கேட்கலாம், கேள்வி எழுப்பலாம், அவ்வளவுதான். ஆயினும் அதிகாரி நேரில் வந்து சொல்லியாக வேண்டும் என்ற வழக்கம் அங்கே பிறந்தது.

காலனி அரசின் போக்கு இதற்கு நேர் எதிர். 1923இன் அலுவல் ரகசியச் சட்டம் மறைப்பதையே விதியாக்கியது. விடுதலைக்குப் பின்னும் அரசு ஊழியர்கள் அந்த வழக்கத்திலேயே பழகினார்கள். 1975இல் ராஜ் நாராயண் வழக்கில், பொது ஊழியர்கள் செய்யும் பொதுக் காரியங்களை அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த உரிமை எழுத்துச் சட்டமாக மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. தமிழ்நாடு 1997இல் முந்திக்கொண்டது, ஆனால் விதிவிலக்குகள் மிகுந்திருந்த அந்தச் சட்டம் அதிகம் பயன்படவில்லை. கர்நாடகம் 2000இல் இயற்றிய சட்டம் 2002இல் விதிகளுடன் செயல்படத் தொடங்கியது. 2005இல் மத்தியச் சட்டம் வந்தபோது கர்நாடக அலுவலகங்கள் வெறுங்கையுடன் நிற்கவில்லை, மூன்றாண்டுப் பழக்கம் இருந்தது. அப்படியிருந்தும் மறுப்பும் தாமதமும் தொடர்ந்தன என்பதை, பயிற்சியே எல்லாவற்றையும் தீர்க்கும் என்போர் கணக்கில் எடுக்க வேண்டும்.

பயிற்சிதான் தீர்வு என்போர்

இந்தத் தரப்பின் வாதம் எளிமையானது. பொதுத் தகவல் அலுவலர் என்பது தனிப் பதவி அல்ல. வருவாய் அதிகாரி, உதவிப் பொறியாளர், கிராமப் பஞ்சாயத்தின் வளர்ச்சி அதிகாரி ஆகியோர் தலையில் கூடுதலாக ஏற்றப்பட்ட பொறுப்பு அது. இடமாறுதல் ஆணை வந்த மறுநாளே அவர் இன்னோர் ஊரில் இன்னோர் இலாகாவின் தகவல் அலுவலர். முப்பது நாள் கெடு, உயிர் அல்லது தனிமனிதச் சுதந்திரம் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரக் கெடு, தன்னிடம் இல்லாத தகவலை உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்பும் கடமை, எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால் அதை எழுத்தில் வடிக்க உதவும் கடமை எல்லாம் யாராவது சொல்லித் தந்தால்தான் அவருக்குத் தெரியும். 2009இல் மத்திய அரசுக்காக பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கூப்பர்ஸ் நடத்திய ஆய்வும், மக்கள் அமைப்புகள் நடத்திய ஆய்வும், தகவல் அலுவலர்களில் கணிசமானோர் எந்தப் பயிற்சியும் பெறவில்லை என்றே கண்டன.

கர்நாடகத்தில் பயிற்சி இடங்களுக்குக் குறைவில்லை. மைசூரில் அரசு நிர்வாகப் பயிற்சி நிறுவனம், நகர வளர்ச்சிக்கான மாநில நிறுவனம், அப்துல் நசீர் சாபின் பெயர் தாங்கிய ஊரக வளர்ச்சி நிறுவனம் ஆகியவை உள்ளன. கடைசியாகச் சொன்ன நிறுவனம் செயற்கைக்கோள் வழியே மாநிலம் முழுதும் உள்ள பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு வகுப்பு நடத்தியது. இந்திய அளவில் முன்னோடியான முயற்சி அது.

இந்த வாதத்தின் முதல் பலவீனம் சட்டத்திலேயே இருக்கிறது. 26ஆம் பிரிவு, நிதியும் பிற வசதிகளும் இடம் தரும் அளவுக்கு அரசு பயிற்சி அளிக்கலாம் என்று சொல்கிறது. அளிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. 19(8) பிரிவில் வேறொரு வழி உண்டு: மேல்முறையீட்டை விசாரிக்கும்போது, ஓர் அலுவலகம் தன் அதிகாரிகளுக்குத் தகவல் உரிமைப் பயிற்சியைக் கூட்ட வேண்டும் என்று தகவல் ஆணையம் உத்தரவிடலாம். அபராதத்தைப் பற்றிய பேச்சு எங்கும் கேட்கிறது. இந்த அதிகாரத்தைப் பற்றிய பேச்சு அரிது. ஒரே அலுவலகத்திலிருந்து ஒரே வகை மறுப்பு திரும்பத் திரும்ப வரும்போது அபராதத்தை விட இதுவே பொருத்தமான ஆணையாக இருக்கலாம்.

இரண்டாவது பலவீனம் இன்னும் ஆழமானது. பயிற்சி யாருக்கு? 26ஆம் பிரிவின் வாசகம் தகவல் அலுவலரை மட்டுமே சொல்கிறது. கார்ப்பரேட்டருக்கும் நிலைக்குழுத் தலைவருக்கும் கோப்பைக் கையில் வைத்திருக்கும் கேஸ் ஒர்க்கருக்கும் அதில் இடமில்லை. மறுப்புக் கடிதத்தில் கையெழுத்திடுபவர் வகுப்புக்குப் போகிறார், மறுக்கச் சொல்பவர் போவதில்லை.

தண்டனை வேண்டும் என்போர்

தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 250 ரூபாய், உச்சமாக 25,000 ரூபாய் என்று 20ஆம் பிரிவு அபராதம் விதிக்கிறது. அதிகாரியின் சொந்தப் பையிலிருந்து போகும் பணம் என்பதால், இந்தியச் சட்டங்களில் இது துணிச்சலான ஏற்பாடு. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகளான பிறகு அறியாமை என்பது சாக்கு, அபராதம் விழுந்தால் எல்லோரும் ஒரே வாரத்தில் சட்டம் படிப்பார்கள் என்பது இத்தரப்பின் நம்பிக்கை.

நம்பிக்கையில் உண்மை உண்டு. ஆனால் அபராதம் விதிக்க ஆணையம் முழு பலத்துடன் இயங்க வேண்டும். ஆணையர் பதவிகள் காலியாகக் கிடப்பதையும் வழக்குகள் தேங்குவதையும் 2019இல் அஞ்சலி பரத்வாஜ் வழக்கில் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. இரண்டாம் மேல்முறையீடு விசாரணைக்கு வருவதற்குள் அந்த அதிகாரி மாற்றலாகியிருப்பார், தகவலின் பயனும் போயிருக்கும். இதைவிடக் கவலைக்குரிய பக்கவிளைவு ஒன்றும் இருக்கக்கூடும். தண்டனைக்கு அஞ்சும் அதிகாரி வெளிப்படையாக இருக்கக் கற்பதில்லை, கெடு தவறாமல் மறுக்கக் கற்கிறார். எட்டாம் பிரிவின் விதிவிலக்குகளை மனப்பாடமாகச் சொல்லும் அலுவலர், தானாக வெளியிட வேண்டியவற்றைப் பட்டியலிடும் நான்காம் பிரிவில் தடுமாறுகிறார் என்றால், அவர் படித்த பாடம் பாதிதான்.

பதிவேடு ஒழுங்கானால் போதும் என்போர்

தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(அ) பிரிவு, பதிவேடுகளை வகைப்படுத்தி அட்டவணை இட்டு வைக்கச் சொல்கிறது. அடுத்த உட்பிரிவு 17 வகைத் தகவல்களை யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. இவை நடந்தால் விண்ணப்பங்களில் பெரும்பகுதிக்கு வேலையே இருக்காது. கர்நாடகம் இந்த வழியில் சில பெரிய காரியங்கள் செய்திருக்கிறது. நிலப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிய பூமி திட்டமும், பல துறைகளின் தகவலை ஒரே இடத்தில் தரும் மாஹிதி கணஜா தளமும் எடுத்துக்காட்டுகள். 2023 ஆகஸ்டில் கிஷன் சந்த் ஜெயின் வழக்கில், நான்காம் பிரிவு நடைமுறையாவதைத் தகவல் ஆணையங்கள் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இத்தரப்பை மறுக்க வேண்டியதில்லை. எதை வெளியிடுவது என்பதை அலுவலகமே தேர்கிறது என்ற ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். சங்கடம் தரும் அளவீட்டுப் புத்தகம் இணையத்துக்குத் தானாக வந்து சேராது.

விடுபட்ட பாதி: கூட்டம்

இந்தியாவில் தகவலுக்குப் பொதுச் சட்டம் உண்டு. கூட்டங்களுக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. இந்த விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படும் செய்தி இதுதான், முடிவைத் தீர்மானிப்பதும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய நகராட்சிச் சட்டங்களில் இதன் விதை இருக்கிறது. சென்னை மாகாணத்தின் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் மன்றக் கூட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தது. வெளியேறச் சொல்வதானால் காரணத்தைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்றது. கிராமங்களில் கர்நாடகப் பஞ்சாயத்துச் சட்டம் கிராம சபையையும் வார்டு சபையையும் கட்டாயமாக்கியது. ஆண்டுக்கொரு முறை பஞ்சாயத்துக் கணக்கையும் பணிகளையும் மக்கள் முன் சரிபார்க்கும் ஜமாபந்தியும் அங்கு உண்டு. இதன் முழு ஆற்றலை 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா காட்டியது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற மக்கள் அமைப்பு நடத்திய முதல் மக்கள் விசாரணையில் பஞ்சாயத்துப் பதிவேடுகள் ஊர் நடுவே உரக்க வாசிக்கப்பட்டன. காகிதத்தில் கூலி வாங்கியதாகப் பெயர் இருந்தவர்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பதிவேடும் கூட்டமும் ஒரே இடத்தில் சேர்ந்தபோது பொய் அங்கேயே வெளிப்பட்டது.

நகரத்தில் இந்த இணைப்பு எளிதில் அமையவில்லை, பெங்களூர் பலமுறை முயன்றபோதும். 1990களின் நடுவில் சாமுவேல் பாலும் பொது விவகார மையமும் குடிமக்கள் மதிப்பெண் அட்டையைக் கொண்டுவந்து, நகரச் சேவைகளை மக்களே மதிப்பிடச் செய்தனர். 1999இல் அப்போதைய முதலமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணா அமைத்த பெங்களூர் அஜெண்டா டாஸ்க் ஃபோர்ஸ், நகர நிறுவனங்களின் தலைவர்களை மேடையேற்றி, தங்கள் வாக்குறுதிகளுக்குப் பொதுவில் கணக்குச் சொல்லவைத்தது. 2002இல் தொடங்கிய ‘புரூஃப்’ இயக்கம் மாநகராட்சியின் காலாண்டு நிதிநிலையை வெளிக்கொணர்ந்து பொது விவாதத்துக்கு வைத்தது. மூன்றும் மதிக்கத்தக்க முயற்சிகள். ஆனால் எதற்கும் சட்டத்தின் கட்டாயம் இல்லை. ஆணையரும் முதலமைச்சரும் விரும்பியவரை நடந்தன. ஆர்வமுள்ள படித்த வட்டத்துக்குள்ளேயே நின்றன என்ற விமரிசனமும் அப்போதே எழுந்தது. அல்சூரிலோ சிவாஜிநகரிலோ குடிசைப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பம் அந்த அரங்குகளில் இடம் பெற்றதா என்று கேட்டால், இடம் பெற்றது என்று சொல்ல ஆதாரம் குறைவு.

சட்டத்தின் வழி வார்டு குழு. 74ஆம் அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது. பெங்களூர் முதலில் நூறு வார்டுகளுக்கு முப்பது குழுக்கள் என்று சேர்த்துக் கட்டியது. தெருவாசிக்கு அவை தொலைவில் இருந்தன. 2011இல் கர்நாடக மாநகராட்சிச் சட்டம் திருத்தப்பட்டு வார்டுக்கு ஒரு குழு என்றானது. பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், குடியிருப்போர் சங்கத்தினர் ஆகியோருக்கு இடம் ஒதுக்கிய பத்து உறுப்பினர் குழு அது. தலைவர் கார்ப்பரேட்டர். குழுவின் முடிவைத் தடுக்கும் அதிகாரமும் அவருக்கே தரப்பட்டது. உறுப்பினர்களைத் தேர்வதில் அவர் செல்வாக்கு ஓங்கியிருப்பதாகவும் சிவிக் போன்ற அமைப்புகள் குறை கூறின. இருந்த சட்டத்தையும் செயல்படுத்தக் குப்பைப் பிரச்சினை குறித்த பொதுநல வழக்கில் உயர் நீதிமன்றம் வற்புறுத்த வேண்டியிருந்தது. குடிமக்கள் இயக்கங்கள் தொடர்ந்து கேட்ட பிறகே மாதத்தின் முதல் சனிக்கிழமை கூட்டம் என்ற வழக்கம் வந்தது.

2020 செப்டம்பரில் மாநகர மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு பொறுப்பதிகாரி நியமிக்கப்பட்டு, குழுக் கூட்டங்களை நடத்தும் வேலை அவருக்கு வந்தது. இந்தக் கட்டத்தை ஆய்வாளர்கள் இன்னும் நுணுகிப் பார்க்க வேண்டும். மனுவுக்குப் பதில் எழுதியே பழகிய ஓர் அதிகாரி, கூட்டப்பொருளை முன்கூட்டி அறிவித்து, யார் வேண்டுமானாலும் வந்து கேட்கும் கூட்டத்தை நடத்தி, தீர்மானத்தைப் பதிந்து, அதை வெளியிட வேண்டும். அறிவிப்பு எத்தனை நாள் முன்பு, யாருக்கு? வாட்ஸ்ஆப் குழுவில் போட்டால் அது அறிவிப்பாகுமா? பார்வையாளர் பேசலாமா, படம் பிடிக்கலாமா? குறிப்பை யார் சரிபார்ப்பது? தகவல் உரிமைப் பயிற்சிப் பாடங்கள் விண்ணப்பத்தை மையமாகக் கொண்டவை. இந்தக் கேள்விகளுக்கு அவற்றில் விடை தேடுவது வீண்.

இத்தனைக்கும் தகவல் உரிமைச் சட்டத்திலேயே ஒரு கொக்கி இருக்கிறது. தானாக வெளியிட வேண்டிய 17 வகைகளில் எட்டாவது, ஒவ்வொரு வாரியம், மன்றம், குழுவின் பட்டியலோடு அவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, கூட்டக் குறிப்புகள் மக்களுக்குக் கிடைக்குமா என்பதையும் சொல்லச் சொல்கிறது. திறந்துவை என்று சட்டம் ஆணையிடவில்லை. திறந்திருக்கிறதா இல்லையா என்று எழுதிப்போடு என்கிறது. ‘இல்லை’ என்று எழுதும் அலுவலகம், ஏன் இல்லை என்ற அடுத்த கேள்விக்கு ஆளாகிறது. பயிற்சி வகுப்பில் ஒரே ஒரு உட்பிரிவுக்குத்தான் நேரம் என்றால் இதையே எடுக்க வேண்டும்.

பிற இடங்களின் அனுபவம்

அமெரிக்க மாநிலங்களில் திறந்த கூட்டச் சட்டங்கள் பழையவை. கலிபோர்னியாவின் பிரௌன் சட்டம் 1953இல், உள்ளூர் மன்றங்களின் ரகசியக் கூட்டங்களைச் செய்தித்தாள் அம்பலப்படுத்திய பின் வந்தது. பிரிட்டனில் 1960ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிக் கூட்டங்களுக்குப் பொதுமக்களை அனுமதிக்கச் செய்தது. அதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் அப்போது புதிய உறுப்பினராக இருந்த மார்கரெட் தாட்சர்.

நம் கேள்விக்கு மிக நெருங்கியது டெக்சஸ். அங்கே 2006 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே பொறுப்பேற்ற 90 நாளுக்குள் திறந்த கூட்டச் சட்டத்திலும் பொதுத் தகவல் சட்டத்திலும் பயிற்சி பெற வேண்டும். ஒவ்வொன்றும் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் பாடத்தை இலவசமாகத் தருகிறது. சான்றிதழ் மன்றத்தில் இருக்க வேண்டும், யார் கேட்டாலும் காட்ட வேண்டும். இந்தியா விட்டுவிட்ட இரண்டும், அதாவது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் கூட்டமும், அங்கே பாடத்துக்குள் இருக்கின்றன. குறையும் இருக்கிறது. உறுப்பினர் பயிற்சி பெறாவிட்டால் மன்றத்தின் முடிவு செல்லாததாகிவிடுவதில்லை. மணிக் கணக்கை நிரப்புவது சடங்காக மாறும் ஆபத்தும் உண்டு.

கேரளம் வேறொரு பாடம் தருகிறது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் பயிற்சி மிகப் பெரிய அளவில் நடந்தது. அதோடு மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குக் கைமாறியது. தீர்மானிக்க ஏதோ இருந்ததால் கூட்டத்துக்கு ஆள் வந்தது. தமிழ்நாட்டில் 2022இல் வந்த விதிகளின்படி அந்த ஆண்டு நவம்பர் 1இல் நகர்ப்புறங்களிலும் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. அவற்றை மதிப்பிட இன்னும் காலம் போதாது.

தயங்குவோரின் வாதங்கள்

எல்லாவற்றையும் திறப்பது நல்லதல்ல என்ற குரலை ஊழலின் குரல் என்று ஒதுக்கிவிட முடியாது. 2011இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில், கண்மூடித்தனமான கேள்விகளுக்குப் பதில் திரட்டுவதிலேயே அலுவலர் நேரம் முழுதும் கரைந்துவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. ஒரு விண்ணப்பம் ஒரே பொருளைப் பற்றி, சாதாரணமாக 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்று 2008இல் கர்நாடகம் விதி செய்ததும் இந்தக் கவலையின் வெளிப்பாடுதான். மிரட்டிப் பணம் பறிக்கச் சட்டத்தைப் பயன்படுத்துவோர் இருக்கிறார்கள் என்ற அதிகாரிகளின் புகாரும் அடிப்படையற்றதல்ல. மறுபக்கம், 2010இல் மட்டும் தகவல் உரிமை ஆர்வலர்களான தளேகாவின் சதீஷ் ஷெட்டியும் குஜராத்தின் அமித் ஜேட்வாவும் கொல்லப்பட்டார்கள். இரண்டு அச்சங்களின் எடையும் சமமல்ல.

தனிமனித அந்தரங்கம் பற்றிய வாதம் அண்மையில் வலுத்திருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவைச் சுருக்கியது. அந்த மாற்றம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பொதுநலனை எடைபோடும் வாசகம் அந்த உட்பிரிவிலிருந்து போய்விட்டது. பயனாளிப் பட்டியலிலும் ஒப்பந்தக்காரர் பில்லிலும் காத்தா என்னும் சொத்துப் பதிவிலும் ஏதோ ஒரு தனிநபரின் பெயர் இருக்கத்தான் செய்யும். பெயர் இருக்கிறது என்பதாலேயே மறுக்க இப்போது வழி திறந்திருக்கிறது. பொதுநலன் மேலோங்கினால் விலக்குள்ள தகவலையும் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் உயிரோடு இருப்பது எத்தனை உள்ளூர் அலுவலர்களுக்குத் தெரியும்? இந்த ஓரிடத்தில் பயிற்சித் தரப்பின் வாதம் முன்பைவிட வலுவாக நிற்கிறது.

தீராத கேள்விகள்

2025 மே மாதம் கிரேட்டர் பெங்களூர் நிர்வாகச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. செப்டம்பரில் ஒரே மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. மேலே ஓர் ஆணையம், கீழே வார்டு குழுக்கள். புதிய அலுவலகங்கள், இடம் மாறிய கோப்புகள், புதிதாக நியமிக்கப்பட வேண்டிய தகவல் அலுவலர்கள். எந்தப் பதிவேடு எந்த மாநகராட்சியிடம் இருக்கிறது என்பதே சில காலம் கேள்வியாக நிற்கலாம். நகரம் முழுமைக்குமான பெருந்திட்டங்களை முடிவு செய்யும் ஆணையக் கூட்டம் மக்களுக்கு எவ்வளவு திறந்திருக்கும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

மொழியும் தீரவில்லை. விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ அந்தப் பகுதியின் ஆட்சிமொழியிலோ இருக்கலாம் என்கிறது சட்டம். பெங்களூரில் அது கன்னடம். இந்த மூன்றில் எதையும் எழுதத் தெரியாத தமிழ், தெலுங்கு, உருதுத் தொழிலாளிக்கு, வாய்மொழிக் கோரிக்கையை எழுத்தாக்கித் தரும் அலுவலரின் கடமையே ஒரே வழி. அந்தக் கடமை எந்த அளவுக்கு நிறைவேறுகிறது என்பதை யாராவது முறையாக ஆராய வேண்டும்.

இதுவரை வந்த விடைகளைச் சேர்த்துப் பார்த்தால், பயிற்சியா தண்டனையா என்ற பழைய எதிர்நிலை அதிகம் உதவவில்லை. அறியாமையும் மனமின்மையும் ஒரே அலுவலகத்தில் வெவ்வேறு நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கின்றன. தகவல் அலுவலருக்கு மட்டும் கற்பித்து, அவருக்கு மேலே உள்ளவரையும் மன்ற உறுப்பினரையும் விட்டுவிடும் பயிற்சி பெரிய மாற்றம் தராது என்று துணிந்து சொல்லலாம். பயிற்சியைக் கட்டாயமாக்கினால் பலன் எவ்வளவு என்பதற்கு இந்தியாவில் இன்னும் சான்று இல்லை, ஏனென்றால் கட்டாயமாக்கிப் பார்த்ததே இல்லை. கூட்ட அறிவிப்புக்கு எத்தனை நாள், குறிப்பு வெளியாக எத்தனை நாள், மூடிய கூட்டத்துக்கு என்ன காரணம் செல்லும் என்பதை ஐந்து மாநகராட்சிகளுக்கான விதிகளிலேயே எழுதிவிடுவது இப்போது சாத்தியம். கர்நாடக அரசு அதைச் செய்ய வேண்டும். புதிய மன்றங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படும் ஒவ்வொரு உறுப்பினருக்கும் முதல் மூன்று மாதத்துக்குள் அந்த விதிகளையும் நான்காம் பிரிவையும் கற்பிக்க வேண்டும்.